லைட் சுவிட்ச் இருக்கும் இடத்தில் பிளக் பாயிண்ட்: போர்டைக் கழற்றும் முன் படியுங்கள்

வராண்டா, மாடிப்படி, பாத்ரூமுக்கு வெளியே என்று ஒற்றை லைட் சுவிட்ச் மட்டும் இருக்கும் இடங்கள் பழைய வீடுகளில் நிறைய உண்டு. வைஃபை ரவுட்டர் வைக்க அதுதான் சரியான இடமாக இருக்கும், ஆனால் பிளக் இருக்காது. "அங்கேதான் சுவிட்ச் இருக்கே, அதுலயே ஒரு பிளக் எடுத்துக்கலாமே" என்று யாருக்கும் தோன்றும்.

தொண்ணூறுகளில் கட்டிய எங்கள் வீட்டில் இந்தச் சின்ன வேலை முடிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் அரை மணி நேர வேலை என்றார். இன்னொருவர் சுவரை உடைக்காமல் முடியாது என்றார். மற்றொருவர் எர்த்திலிருந்தே எடுத்துவிடலாம் என்றார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். இத்தனைக்கும் மூன்று பதில்களும் ஒரே கேள்வியில்தான் போய் நிற்கின்றன. அந்தப் பெட்டிக்குள் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், இருக்கிறதா, இல்லையா?

சுவிட்சின் வேலை பேஸ் வயரை, அதாவது கரண்ட் வரும் வயரை, வெட்டி, நமக்கு வேண்டும்போது சேர்ப்பது. அதற்கு இரண்டு வயர் போதும். ஒன்றில் கரண்ட் வரும், இன்னொன்று லைட்டுக்குப் போகும். லைட்டுக்கு வேண்டிய நியூட்ரல் பல வீடுகளில் சுவிட்ச் பக்கமே வராமல், மேலே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நேராக ஹோல்டருக்குப் போய்விடும். பிளக்குக்கோ பேஸ், நியூட்ரல், எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோவது) என்று மூன்று வயர் வேண்டும். அதனால் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை கடைக்குப் போய் எதுவும் வாங்காதீர்கள்.

கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு வீட்டு வயரிங், 230 வோல்ட் கணக்கு.

1. எதை மாட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

லைட் சுவிட்சிலிருந்து எடுக்கும் பிளக் 6 ஆம்பியர் பிளக்காக மட்டுமே இருக்க முடியும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். அந்த 1380-ம் முழுசாக உங்களுக்குக் கிடைக்காது, ஏனென்றால் அதே லைனில் வீட்டின் பாதி லைட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 732, ஒரு லைட் சர்க்யூட்டில் லைட், ஃபேன், 6 ஆம்பியர் பிளக் எல்லாம் சேர்த்துப் பத்து பாயிண்டுக்கு மேல் கூடாது, மொத்தம் 800 வாட்டைத் தாண்டக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறது.

ரவுட்டர், போன் சார்ஜர், லேப்டாப், கொசு விரட்டி, ஆர்ஓ தண்ணீர் மிஷின், டிவி, டேபிள் ஃபேன் ஆகியவற்றைத் தாராளமாக மாட்டலாம். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், கெட்டில் 1500, இண்டக்ஷன் அடுப்பும் கீசரும் 2000. இவை எதுவும் இங்கே வேண்டாம்.

வாசல் லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் போட ஒரு பிளக் கேட்பவர்கள் இப்போது அதிகம். அதுவும் மணிக்கணக்கில் இடைவிடாமல் கரண்ட் இழுக்கும் சமாசாரம். அதற்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் எல்லா லைனும் பிரியும் பெட்டி) 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்), எர்த்தோடு 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள். உங்கள் தேவை அதுதான் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டுத் தனி லைனுக்கு விலை கேட்கலாம்.

"எதுக்கும் இருக்கட்டும் சார், 16 ஆம்பியர் சாக்கெட்டாவே போட்டுடறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் இருப்பது மெல்லிய லைட் வயர். பெரிய சாக்கெட்டைப் பார்த்தால் வீட்டில் யாராவது ஒருநாள் கீசரை மாட்டத்தான் செய்வார்கள். எம்சிபி விழும். விழுகிறதே என்று 6 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 20 போடுவார்கள். அதற்கப்புறம் சுவருக்குள் சூடாவது வயர்தான்.

2. யாரை வைத்துச் செய்வது

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இருந்தது இருந்தபடி மாற்றுவதற்கு உரிமம் தேவையில்லை. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது அந்த விலக்கில் வராது. அதை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ள ஆள்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். "மின்கம்பியாளர் சான்று இருக்கா அண்ணே?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இருப்பவர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிவிடுவார்.

அப்படியென்றால் நமக்கு எதற்கு இத்தனை விவரம்? வேலைக்கு வருபவர் குறுக்கு வழியில் போனால் பார்த்த உடனே தெரிய வேண்டுமே. அதற்குத்தான்.

3. கரண்டை முழுசாக நிறுத்துவது

அந்த லைட்டின் எம்சிபியை மட்டும் இறக்கினால் போதாது. த்ரீ பேஸ் வீடு என்றால் ஒரே பெட்டிக்குள் வேறு பேஸ் வயரும் வந்து போகலாம். மெயினையே இறக்குங்கள். பழைய பியூஸ் கட்டை என்றால் கழற்றி உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்; அடுத்தவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பலரும் மறப்பது இன்வெர்ட்டர். மெயினை இறக்கிய அடுத்த நொடி அது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து லைட் லைனுக்கு பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் திறக்கப் போவது லைட் சுவிட்ச். அது பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்யுங்கள். அதன் வெளி லைனுக்கு பைபாஸ் சுவிட்சோ தனி எம்சிபியோ இருந்தால் அதையும் இறக்குங்கள்.

அதற்கப்புறம் டெஸ்டர். கரண்ட் இருக்கும்போதே ஒரு நல்ல பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். செத்துப்போன டெஸ்டரும் "கரண்ட் இல்லை" என்றுதான் சொல்லும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை அறிவித்திருக்கிறார்கள், அன்றைக்கே வேலையை முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடும் நாட்களும் உண்டு. தவிர, கரண்ட் இல்லாமல் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.

4. பெட்டிக்குள் என்ன இருக்கிறது

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

நிறத்தை நம்பாதீர்கள். விதிப்படி பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. நடைமுறையில் சிவப்பு வயர் தீர்ந்துபோன அன்றைக்கு லைட்டுக்குப் போகும் வயரைக் கறுப்பில் இழுத்திருப்பார்கள். எங்கள் வராண்டா பெட்டியில் இரண்டுமே கறுப்பு.

வெறும் இரண்டு வயர்தான், இரண்டும் சுவிட்சில் முடிகின்றன என்றால் நியூட்ரல் இல்லை. பெட்டியின் பின்பக்கத்தில் டேப் சுற்றிய முடிச்சு ஒன்று சுவிட்சைத் தொடாமல் தனியாகக் கிடந்தால் நம்பிக்கை வைக்கலாம். அது அடுத்த அறைக்குப் போகும் வழியில் இங்கே சேர்க்கப்பட்ட நியூட்ரலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாய்ப்பு என்பதை உறுதியாக்க மீண்டும் கரண்ட் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இது எலக்ட்ரீஷியன் கை வேலை, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. லைட் சுவிட்சை ஆஃபில் வைத்து, பேஸ் வயருக்கும் லைட்டுக்குப் போகும் வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட 230 வோல்ட் காட்டும். "இதோ நியூட்ரல் இருக்கே" என்று வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். அது நியூட்ரல் இல்லை. பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் நியூட்ரல். இதை நம்பி சாக்கெட் மாட்டினால் பிளக்கில் மாட்டும் எந்தப் பொருளும் அந்த பல்போடு வரிசையில் சேர்ந்துவிடும். ரவுட்டர் வேலை செய்யாது, பல்பு மினுக் மினுக்கென்று கண்ணடிக்கும். மேலே பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 230 காணாமல் போனால் அது பல்பு வழி வந்த ஏமாற்று. பல்பு இல்லாமலும் 230 இருந்தால், டெஸ்ட் லேம்ப் பிரகாசமாக எரிந்தால், அதுதான் உண்மையான நியூட்ரல்.

அதே சமயத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது அதன் ஒரு முனையில் மட்டும் டெஸ்டர் எரிய வேண்டும், ஆன் செய்தால் இரண்டு முனையிலும் எரிய வேண்டும். ஆன் செய்ததும் இரண்டிலுமே அணைந்துபோனால் சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் இத்தனை வருஷமாக, சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் பேஸ் இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பிளக்கை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மாடிப்படி சுவிட்ச் என்றால் கூடுதல் சிக்கல். கீழே போட்டு மேலே அணைக்கும் டூ-வே சுவிட்சில் மூன்று வயர் இருக்கும். மூன்று இருக்கிறதே, அதில் ஒன்று நியூட்ரலாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். சாதாரணமாக மூன்றில் ஒன்றுகூட நியூட்ரல் இல்லை. இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் வயர்களில் ஒன்றை பேஸ் என்று நினைத்து எடுத்தால் மேலே யாராவது சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் கீழே பிளக் செத்துவிடும். மாடிப்படியில் பிளக் வேண்டுமென்றால் புதிதாக மூன்று வயர் இழுப்பதுதான் வழி.

வயரின் உலோகத்தையும் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியமாக இருக்கலாம். பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சிவந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு, பரவாயில்லை. உள்ளேயும் வெள்ளை என்றால் அலுமினியம். அதோடு புது செம்பு வயரை முறுக்கிச் சேர்த்தால் அந்த முடிச்சு நாளடைவில் அரித்துச் சூடாகும். பிளக்குக்காக அந்த லைனைத் தொடாமல் இருப்பதே மேல்.

5. நியூட்ரல் இல்லை என்றால்

முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். வராண்டாச் சுவருக்குப் பின்னால் படுக்கையறையோ ஹாலோ இருக்கும். அங்கே ஏற்கெனவே பிளக் உள்ள போர்டு இருந்தால் மூன்று வயரும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு துளை போட்டு அங்கிருந்து எடுத்துவிடலாம். லைட் சுவிட்சைத் தொடவே வேண்டாம். எல்லா வழிகளிலும் மலிவு இதுதான். ஆனாலும் எந்த எலக்ட்ரீஷியனும் தானாக இதைச் சொல்லவில்லை, நாங்கள்தான் கேட்டோம்.

அது இல்லையென்றால் இருக்கும் பைப் வழியாகவே புது வயர் இழுக்கலாம். ஸ்பிரிங் விட்டுப் பார்ப்பார்கள், அல்லது பழைய வயரின் நுனியில் புது வயர்களைக் கட்டி இழுப்பார்கள். பைப்பின் வளைவில் சிமெண்ட் பால் இறங்கி அடைத்திருந்தால் இது நடக்காது. பழைய வயரும் பாதியில் அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது. அறுந்தால் பொறுப்பு யாருடையது என்று இழுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசி வழி சுவரில் காடி எடுப்பது (வயர் பதிக்கப் பள்ளம் வெட்டுவது), அல்லது சுவரின் மேலேயே கேசிங் பட்டை ஓட்டுவது. கேசிங் பார்க்க அவ்வளவு அழகில்லை. ஆனால் வாடகை வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எந்த வழியில் எடுத்தாலும் பேஸ் எந்த சர்க்யூட்டோ நியூட்ரலும் அதே சர்க்யூட்டாக இருக்க வேண்டும். பேஸை இங்கிருந்தும் நியூட்ரலைப் பக்கத்து லைனிலிருந்தும் எடுத்தால், அந்த இரண்டும் வெவ்வேறு ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) கீழ் இருக்கும் வீட்டில் பிளக்கைப் போட்டதுமே அது விழும். விழாத வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். இந்த எம்சிபியை இறக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் நியூட்ரலைப் பிரிப்பவர் கையில் ஷாக் அடிக்கும். இன்வெர்ட்டர் பேஸையும் இன்வெர்ட்டர் இல்லாத நியூட்ரலையும் சேர்ப்பதும் இந்த வகைத் தப்புதான்.

6. எர்த்

லைட் சுவிட்ச் பெட்டியில் எர்த் பெரும்பாலும் இருக்காது. "சார்ஜருக்கு எதுக்கு சார் எர்த்" என்பார்கள். சார்ஜருக்கு இல்லாமல் இருக்கலாம், நாளைக்கு அதே பிளக்கில் தண்ணீர் மிஷின் வரும். சாக்கெட்டின் மேல் துளை வேலை செய்யாத வெறும் ஓட்டையாக இருக்கக் கூடாது.

இரண்டு விஷயங்களைப் பார்த்தால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். ஒன்று, நியூட்ரல் இல்லாததால் எர்த்தையே நியூட்ரலாகப் பயன்படுத்துவது. ஆர்சிசிபி இல்லாத வீட்டில் பிளக் வேலை செய்யும், அதனால்தான் இது இத்தனை வீடுகளில் நடக்கிறது. எர்த் குழி காய்ந்தோ கம்பி அறுந்தோ போகும் அன்றைக்கு அந்தக் கரண்ட் ஃப்ரிட்ஜ் கதவிலும் வாஷிங் மெஷின் உடம்பிலும் வந்து நிற்கும். இன்னொன்று, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு சின்னத் துண்டு வயரைப் போட்டுவிடுவது. வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் போதும், மாட்டியிருக்கும் பொருளின் உலோக உடம்பு முழுக்க பேஸ்.

7. பொருள் வாங்குவது

இப்போதுதான் கடைக்குப் போக வேண்டும். மாடுலர் வகையில் 6 ஆம்பியர் சுவிட்ச் ஒரு மாடுல் இடம் எடுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட் இரண்டு மாடுல். பழைய லைட் சுவிட்ச், சாக்கெட்டுக்கு ஒரு சுவிட்ச், சாக்கெட் மூன்றும் சேர்ந்து நான்கு மாடுல். உங்கள் சுவரில் இருப்பது ஒன்று அல்லது இரண்டு மாடுல் பெட்டியாகத்தான் இருக்கும். ஆக, பெட்டியை மாற்றியே ஆக வேண்டும். சுவரை வெட்டிப் பெரிய பெட்டி வைக்கலாம், அல்லது பழைய பெட்டியின் மேலேயே வெளியில் நீட்டி நிற்கும் நான்கு மாடுல் பெட்டியைத் திருகிவிடலாம். மூன்று மாடுலில் அடக்க சாக்கெட்டுக்கான சுவிட்சை விட்டுவிடும் யோசனை வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் எப்போதும் உயிரோடு இருக்கும் சாக்கெட் வேண்டாம். சாக்கெட்டின் துளைகளுக்கு உள்ளே ஷட்டர் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் எண்களைப் பாருங்கள். சாக்கெட்டில் ஐஎஸ் 1293, சுவிட்சில் ஐஎஸ் 3854, வயரில் ஐஎஸ் 694. வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், மூன்று நிறத்திலும் தேவையான மீட்டர் மட்டும். இந்த வேலைக்கு 90 மீட்டர் காயில் வாங்கச் சொன்னால் மீதி எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

8. இணைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

சாக்கெட்டுக்கான பேஸ், லைட் சுவிட்சுக்குக் கரண்ட் வரும் முனையிலிருந்து ஒரு துண்டு வயரால் லூப் ஆக வேண்டும். லைட்டுக்குப் போகும் முனையிலிருந்து எடுத்தால் லைட் எரியும்போது மட்டும்தான் பிளக் வேலை செய்யும். எர்த் துளை மேலே இருக்கும்படி சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். திருகை இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு இழைகூட வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. இரும்புப் பெட்டி என்றால் அதற்கும் எர்த் வயர் போட வேண்டும்.

9. பணம் கொடுக்கும் முன் சோதனை

லைட்டும் பிளக்கும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். பேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி, பேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்–எர்த் ஓரிரண்டு வோல்ட். இந்த மூன்றையும் மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். நியூட்ரல்–எர்த் அளவு பத்துகளில் போனால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். ஆர்சிசிபி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்து 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டுவிடுங்கள். சேர்ந்து ஆகும் செலவில் அதுதான் பெரிது, ஆனால் உயிரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

ஒரு டேபிள் ஃபேனை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்ச் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் உள்ளே ஏதோ திருகு இறுகவில்லை.

10. செலவும் நேரமும்

நான் விசாரித்த வகையில் சுவிட்ச், சாக்கெட், பிளேட், பெட்டி, சில மீட்டர் வயர் எல்லாம் சேர்த்து 500 முதல் 800 ரூபாய் வரை ஆகும். ஆர்சிசிபி தனியாக 1500-க்கு மேல். கூலி பாயிண்ட் கணக்கிலும் பேசுவார்கள், அரை நாள் கூலியாகவும் பேசுவார்கள். "பொருள் சேர்த்தா, கூலி மட்டுமா, காடியை யார் பூசுவது" என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். காடியைப் பூசுவது கொத்தனார் வேலை, எலக்ட்ரீஷியன் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

நியூட்ரல் பெட்டியிலேயே இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் போதும். வயர் இழுத்தால் அரை நாள். காடி எடுத்தால் பூச்சு காய்ந்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பது வரை நாட்கள் ஓடும். பழைய சுவர் நிறத்தோடு புதுப் பெயிண்ட் ஒட்டாது, அந்தச் சுவர் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறியிருக்கும்போது காடி வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

11. காகிதங்கள்

ஒரு 6 ஆம்பியர் பிளக் சேர்ப்பதற்கு மின்வாரியத்தில் விண்ணப்பம் தேவையில்லை. ஏசி, கீசர் என்று சேர்த்து, உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவைத் தாண்டினால்தான் கூடுதல் மின்பளு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வாசல் பிளக்கில் கடை நடத்தும் எண்ணம் இருந்தால் அது வேறு கதை. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டப்படி அனுமதியில்லாத பயன்பாடு, அபராதத்தோடு கணக்குப் போடுவார்கள்.

வாடகை வீடு என்றால் சுவரைத் தொடும் முன் வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பிளக்கை விட்டுப் போகலாமா, பழையபடி மூடிக் கொடுக்க வேண்டுமா, செலவு வாடகையில் கழியுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பொருளுக்கு பில் வாங்குங்கள், ஆர்சிசிபிக்கு வாரண்டி உண்டு.

பிளேட்டை மூடுவதற்கு முன் உள்ளே வயர்கள் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த எம்சிபியில் இந்த பிளக் வருகிறது என்பதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிபி பாக்ஸின் கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது அதைத்தான்.